உதை குறைந்ததா? கிளாக் 43எக்ஸில் மாட்டிப் பார்த்த சாமான்களும் என் நோட்டுக் கணக்கும்

என் வீட்டுக்காரருக்குச் சாமான் வாங்கப் பிடிக்கும். எனக்குக் கணக்கு எழுதப் பிடிக்கும். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்து உருவானதுதான் இந்த மதிப்புரை. துப்பாக்கி என்னுடையது: கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ் (மேலே குறிபார்க்கும் கருவி மாட்ட வசதி உள்ள வகை), 9 மி.மீ. கைத்துப்பாக்கி. அதில் மாட்டியது, மாட்டிக் கழற்றியது, மாட்டாமலே திருப்பி அனுப்பியது எல்லாம் அவர் தேர்வு. சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுகிற உதையை எது குறைத்தது, எது பர்ஸை மட்டும் இளைக்க வைத்தது என்று எழுதி வைத்தது நான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். எதையும் எடை போட்டுத் தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் எழுதிய மதிப்புரைகளில் கை அளவு சொல்லாமலே 'உதை குறைந்தது' என்று எழுதிவிடுகிறார்கள், அதை நம்பித்தான் நாங்கள் பாதிப் பணத்தை விட்டோம். வயது 49. லேப் கையுறையில் எனக்கு எப்போதும் இருப்பதிலேயே சின்ன அளவு. இருபது வருஷம் பிப்பெட் பிடித்ததில் வலது மணிக்கட்டில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஆறடி ஆளுக்கு 'லேசாத் தட்டுது' என்று தோன்றுவது எனக்கு முழங்கை வரை ஏறும்.

உதை என்ற சொல்லை நான் போடியில் கற்றேன். பெரியப்பாவுக்கு மலை மேல் ஏலத்தோட்டம். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்த ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. தேர்தல் அறிவித்ததும் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்பி வருவார். "பன்னிக்கு ஒரு குண்டு, எனக்கு ஒரு உதை" என்று தோளைத் தடவிக்கொண்டே சிரிப்பார். எங்களைத் தொடவிட்டதில்லை. முப்பது வருஷம் கழித்து டெக்சாஸில் ஒரு ரேஞ்சில் முதல் தோட்டாவைச் சுட்டபோது எனக்கு நினைவு வந்தது அந்தத் தோள்தான்.

எச்1பி, எச்4 காலத்தில் நாங்கள் துப்பாக்கிக் கடைப் பக்கமே போகவில்லை. அந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு என்று ஒரு சந்து உண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர் அந்தச் சந்தில் நுழைந்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன? கார்டு வந்த பிறகுதான் கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நிரப்பினோம். இந்த நாட்டில் ஒரு விசித்திரம்: கைத்துப்பாக்கியில் சீரியல் எண் பொறித்த அடிச்சட்டம்தான் சட்டப்படி 'துப்பாக்கி'. குழல், ஸ்பிரிங், சுடும்போது பின்னால் போய்த் திரும்பி வரும் மேல்பாகமான ஸ்லைடு எல்லாம் வெறும் உதிரி பாகம். ஷூ வாங்குவது போல ஆர்டர் போட்டால் வாசலுக்கு வந்துவிடும். வினை அங்கே ஆரம்பித்தது.

43எக்ஸ் 2019-இல் சந்தைக்கு வந்த மாடல். ஒல்லி உடம்பு, 10 தோட்டா, 87 மி.மீ. குழல். தோட்டா நிரப்பினால் 640 கிராம். என் வீட்டுக்காரருடைய கிளாக் 19 நிரப்பினால் 855 கிராம். இரண்டும் சுடுவது ஒரே 9 மி.மீ. தோட்டாவை. தோட்டா ஒன்றே என்றால், துப்பாக்கி வாங்கிக்கொள்ளும் உதையின் ஆற்றல் அதன் எடைக்கு எதிர்விகிதம். 855-ஐ 640-ஆல் வகுத்துப் பாருங்கள். என் குட்டித் துப்பாக்கி அவருடையதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உதைக்கும். "சின்னது மேடம், லேடீஸுக்கு ஏத்தது" என்று விற்ற கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அப்புறம் ஏன் அதை வாங்கினாய் என்றால், 19-இன் பிடி எனக்குப் பருமன். விரல் டிரிகரை எட்டும்போது துப்பாக்கி உள்ளங்கையில் கோணலாகத் திரும்பிவிடும். 43எக்ஸ் ஒழுங்காக அடங்கும். கைக்கு அடங்குவதும் உதை குறைவதும் எதிரெதிர்த் திசை, சின்னக் கைக்காரர்கள் தப்பிக்க வழியில்லை.

நோட்டில் நான் வைத்துக்கொண்ட பரீட்சை இது: 7 கஜ தூரத்தில் 6 அங்குலக் காகிதத் தட்டு, நிதானமாக 10 தோட்டா. எதையும் மாட்டாமல், வாங்கியபடியே சுட்ட முதல் நாள் தட்டில் விழுந்தது 4. மற்ற ஆறும் கீழே இடது பக்கம். வலது கைக்காரர் கீழே இடது பக்கம் சுட்டால் என்ன அர்த்தம் என்று பின்னால் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. "உதை அதிகம், சாமான் வாங்கணும்" என்றார் வீட்டுக்காரர், முகத்தில் ஒரு தீபாவளி.

முதலில் வந்தது கிரிப் டேப். பிடியின் வடிவத்துக்கு வெட்டிய சொரசொரப்பான ஒட்டுத்தாள், 20 டாலர். இரண்டு வகை: ரப்பர் மாதிரி ஒன்று, உப்புத்தாள் மாதிரி ஒன்று. உப்புத்தாள் கையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் இடுப்பில் வைத்தால் சட்டையையும் தோலையும் சேர்த்துத் தேய்க்கும். நான் ரப்பரை எடுத்தேன். ஹேர் டிரையரில் சூடு காட்டி விளிம்புகளை அழுத்தி ஒட்ட வேண்டும். முதல் தடவை அவசரப்பட்டு ஒரு மூலையில் குமிழ் வந்துவிட்டது. ஹூஸ்டன் வெயிலில் உள்ளங்கை எப்போதும் ஈரம். எண்ணெய்க் கையில் எவர்சில்வர் டம்ளர் பிடிப்பது போல, ஒவ்வொரு தோட்டாவுக்கும் துப்பாக்கி ஒரு நூல் நழுவும், நான் பிடியைச் சரிசெய்வேன். டேப் ஒட்டிய பிறகு பத்தாவது தோட்டாவிலும் கை முதல் தோட்டாவில் இருந்த இடத்திலேயே இருந்தது. உதை குறையவில்லை, ஆனால் துப்பாக்கி போன இடத்திலிருந்து அதுவாகத் திரும்பி வந்தது. தட்டில் 6. கொடுத்த காசுக்கு நியாயம்.

அடுத்து ஒரு ரப்பர் உறை. பிடி பருத்துவிட்டது, எதற்காக ஒல்லித் துப்பாக்கி வாங்கினேனோ அதுவே போச்சு. பெரிய கை உள்ளவர்களுக்கு உதவலாம். திருப்பி அனுப்பினோம்.

மூன்றாவது, டங்ஸ்டன் கைடு ராட். குழலுக்குக் கீழே ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டுக்குப் பதிலாகக் கனமான உலோகத் தண்டு. முன்பக்கம் எடை கூடினால் சுடும்போது துப்பாக்கியின் மூக்கு மேலே தூக்குவது குறையும் என்பது விளம்பரம். கொள்கை சரிதான். சமையலறைத் தராசில் பழையதையும் புதியதையும் மாறி மாறி வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. தோட்டா அடுக்கும் மேகசின் நிரம்பியிருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதைவிட அதிகம். அதாவது முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் இடையில் துப்பாக்கி தானாகவே இந்தத் தண்டின் எடையைவிட அதிகமாக இழக்கிறது, அதை யாரும் உணர்வதில்லை. தட்டில் மறுபடி 6. 70 டாலர். பளபளப்பாக இருக்கிறது என்று அவர் இன்னும் வாதாடுகிறார்.

ஸ்பிரிங் மாற்றும் ஆசையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனமான ஸ்பிரிங் போட்டால் ஸ்லைடு பின்னால் போகும் வேகம் அடங்கும், ஆனால் முன்னால் திரும்பி வரும்போது 'டங்' என்று மோதி மூக்கைக் கீழே குத்தும். லேசான ஸ்பிரிங் போட்டால் இதற்கு நேர்மாறு. ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் கொடுக்கிற வேலை. என் துப்பாக்கியில் கம்பெனி வைத்த ஸ்பிரிங் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டையாக வருகிறது; நன்றாக யோசித்து வைத்ததாகத்தான் படுகிறது. அதை விட்டுவிட்டேன். டிரிகரைத் தொடவும் விடவில்லை. டிரிகருக்கும் உதைக்கும் சம்பந்தமில்லை, தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியின் டிரிகரை நோண்டினால் நாளைக்கு வக்கீலுக்குப் பதில் சொல்வது யார்?

இப்போது பெரிய செலவு: கம்பென்சேட்டர். கிளாக் குழல் முனையில் மரை கிடையாது. எனவே மரை வைத்த வேறு குழல், அதன் நுனியில் திருகும் கம்பென்சேட்டர், இரண்டும் சேர்த்து 340 டாலர். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பிரச்சினை அந்தக் கம்பெனியுடையது மட்டும் இல்லை, இந்தச் சாதியே அப்படித்தான்.

வேலை செய்யும் விதம் அழகு. தோட்டாவுக்குப் பின்னால் குழலிலிருந்து சீறி வரும் வாயுவை, நுனியில் வெட்டியிருக்கும் துளை வழியாக மேலே திருப்பிவிடுகிறது. குக்கர் விசில் வழியே ஆவி மேலே பீய்ச்சும்போது மூடியைக் கீழே அழுத்துகிறது என்று கற்பனை செய்யுங்கள். அந்த அழுத்தம்தான் துப்பாக்கியின் மூக்கை எழும்ப விடாமல் பிடிக்கிறது. வாயு எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு பலன். அதில்தான் முதல் சிக்கல். அமெரிக்காவில் தோட்டா அழுத்தத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பின் பெயரைச் சுருக்கி எழுத்துக்கூட்டினால் 'சாமி' என்று வரும். 9 மி.மீ. தோட்டாவுக்குச் சாமி வகுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ. 'பிளஸ் பி' என்று போட்ட சூடான தோட்டாவுக்கு 38,500. நாங்கள் பயிற்சிக்கு வாங்கும் மலிவுத் தோட்டா இந்த வரம்புக்கு ரொம்பக் கீழே, சோம்பேறியாக எரியும் ரகம்.

இரண்டாவது சிக்கல் எடை. கிளாக்கில் சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்தே கொஞ்ச தூரம் பின்னால் போகும். பிறகு குழல் சாய்ந்து பூட்டு விடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய்க் காலிக் கூட்டை வெளியே எறியும். குழல் நுனியில் ஒரு இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டால் அந்தப் பயணத்துக்கு வேகம் பற்றாது. சோம்பேறித் தோட்டா, கனமான குழல், பலமில்லாத மணிக்கட்டு. மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் 50 தோட்டாவில் 7 தடவை காலிக் கூடு வெளியே போகாமல் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நின்றது. ரேஞ்சில் இதற்கு 'ஸ்டவ்பைப்' என்று பெயர். போட்டியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பார்க்கிங் லாட்டில் சிரிக்க முடியாது.

124 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) பிளஸ் பி தோட்டா போட்டதும் மாட்டுவது நின்றது. ஆனால் உதையைக் குறைக்க ஒரு சாமான் வாங்கி, அது வேலை செய்வதற்காக அதிகம் உதைக்கும் தோட்டாவையும் வாங்குவது, பத்தியம் இருந்துகொண்டு பாயசம் குடிப்பது போல இருந்தது.

சத்தத்துக்கு வருகிறேன். எங்கள் ரேஞ்ச் உள்ளரங்கு. கான்கிரீட் சுவர், தாழ்வான கூரை. மேலே திருப்பிய வாயுவோடு சத்தமும் நெருப்பும் மேலே திரும்பி, என் முகத்துக்கு ஓர் அடி முன்னால் வெடித்தது. பக்கத்து வரிசைக்காரர் எட்டிப் பார்த்தார். முன்பக்கக் குறிமுனை கரி பிடித்துப் போனது. தட்டில் 4. எதுவும் மாட்டாத முதல் நாளின் அதே எண். நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'ரூபாய்க் கணக்கில் எவ்வளவு என்று யோசிக்காதே' என்று எழுதியிருக்கிறேன்.

இதற்குள் இன்னொரு விபத்தும் நடந்தது. கழுத்து அகன்ற சட்டை போட்டுக்கொண்டு போன நாள் ஒன்றில் சூடான காலிக் கூடு ஒன்று பறந்து வந்து கழுத்துக்குள் விழுந்து, தாலிக்கொடிக்கும் தோலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கியை முன்னால் நீட்டியபடியே, விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டுத்தான் குதித்தேன். வரிசை மாறாமல் செய்தேன் என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை. தழும்பு சின்னதுதான். கழுத்து மூடிய சட்டை போடுங்கள்.

அந்த வாரம்தான் பணத்தைச் சாமானில் போடாமல் ஆளிடம் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு மணி நேர வகுப்புக்குப் பதிவு செய்தேன். 80 டாலர். ஷெரிஃப் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், என்னைவிட ஒல்லி. கம்பென்சேட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பழைய குழலைப் போடச் சொன்னார். மேகசினை என்னிடம் இருந்து வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுநடுவே அலுமினிய டம்மி தோட்டாவைக் கலந்து நிரப்பித் தந்தார். இரண்டு நிஜத் தோட்டா வெடித்தது. மூன்றாவது டம்மி. டிரிகர் 'க்ளிக்' என்றது, வெடி இல்லை, உதை இல்லை. ஆனால் என் துப்பாக்கி மூக்கைக் கீழே இறக்கி ஒரு கும்பிடு போட்டது. வெடிக்காத தோட்டாவின் உதைக்கு நான் முன்கூட்டியே எதிர் உதை கொடுத்திருக்கிறேன்! கீழே இடது பக்கம் போன அத்தனை தோட்டாவுக்கும் விடை அந்த ஒரு கும்பிடுதான்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். நான் போட்டிருந்த எலக்ட்ரானிக் இயர்மஃபைக் கழற்றச் சொல்லி, ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான் இரண்டைக் கொடுத்து, அதைக் காதில் வைத்து அதன் மேல் மஃபைப் போடச் சொன்னார். அதே துப்பாக்கி, அதே தோட்டா. உதை பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இத்தனை நாள் உதை என்று நினைத்ததில் பெரும் பங்கு சத்தம். மணிக்கட்டு பயப்படவில்லை, காது பயந்து மணிக்கட்டை முறுக்கியிருக்கிறது. கம்பென்சேட்டர் போட்ட அன்று தட்டு ஏன் 4-க்கு இறங்கியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அது மூக்குத் தூக்கலைக் குறைத்தது உண்மை. சத்தத்தைக் கூட்டியதும் உண்மை. என் நோயைக் கூட்டுகிற மருந்து அது.

காது விஷயத்தை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரும் மதிப்புரையில் எழுதுவதில்லை. 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் வெடி ஏறத்தாழ 160 டெசிபெல். திடீர்ச் சத்தத்துக்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி சொல்லும் உச்சம் 140. எங்கள் மஃபின் சத்தத் தடுப்பு மதிப்பு 22 டெசிபெல். 3எம் கம்பெனியின் 1100 என்ற ஆரஞ்சு அடைப்பானின் மதிப்பு 29. இரண்டும் சேர்ந்தால் 51 என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். அப்படிக் கூட்டக் கூடாது. பெரிய எண்ணோடு 5 சேர்த்துக்கொள்வதுதான் வழக்கமான கணக்கு, ஆக 34. அதுவும் அடைப்பானை ஒழுங்காக வைத்தால்தான். விரல்களுக்கு நடுவே மெல்லிய திரி மாதிரி உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செருக வேண்டும். அது விரிந்து அடைக்கும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே கால் பங்கு நீட்டிக்கொண்டிருந்தால் அது காதுக்குப் போட்ட பூ, அடைப்பான் இல்லை. நம் பெண்களுக்கு இன்னொன்று: தோட்டைக் கழற்றிவிடுங்கள். மஃபுக்குள் தோட்டின் திருகாணி அழுத்தும், ஜிமிக்கி என்றால் சொல்லவே வேண்டாம், மஃப் காதோடு ஒட்டாமல் சந்து விழுந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பும் அதே வேலையைச் செய்யும். ஒல்லிக் காம்பு வைத்த பாதுகாப்புக் கண்ணாடிக்கு நான் மாறிவிட்டேன்.

அந்தப் பெண்மணி கற்றுக்கொடுத்த இன்னொன்று இடது கை. நான் வலது கையால் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு, இடது கையைச் சும்மா துணைக்கு வைத்திருந்தேன். வலது கையை உயர ஏற்றி, ஸ்லைடுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்து, பிடியில் மிச்சமிருக்கும் காலி இடம் முழுவதையும் இடது உள்ளங்கையால் மூடி, இடது கையால்தான் அதிகம் அழுத்தச் சொன்னார். முறுக்கு பிழியும் அச்சை எப்படி இரண்டு கையாலும் அமுக்குகிறோமோ அந்தப் பலம், ஆனால் விரல் மட்டும் இலகுவாக. அவருக்கு முறுக்கு அச்சு என்றால் என்ன என்று தெரியாது. நான் எனக்குள் அப்படி மொழிபெயர்த்துக்கொண்டேன். அன்று மாலை தட்டில் 8. துப்பாக்கியில் கூடுதலாக இருந்தது அந்த 20 டாலர் டேப்பும் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்துக்கும் குறைவான எடையும் மட்டும்.

தோட்டாவையும் மாற்றிப் பார்த்தேன். வழக்கமாக வாங்குவது 115 கிரெயின். ஏறத்தாழ ஏழரை கிராம் குண்டு. 147 கிரெயின் என்பது ஒன்பதரை கிராம். கனமான குண்டு மெத்தென்று உதைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பெட்டியில் போட்டிருந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். போட்டிகளில் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து 'பவர் ஃபேக்டர்' என்று ஓர் எண் சொல்வார்கள். 115 குண்டு விநாடிக்கு 1,150 அடி போனால் 132. 147 குண்டு 990 அடி போனால் 145. கணக்குப்படி கனமான குண்டுதான் அதிகம் தள்ளுகிறது! போட்டிக்காரர்கள் சொல்லும் மென்மை, போட்டிக்கான குறைந்தபட்ச பவர் ஃபேக்டரான 125-ஐச் சற்றுத் தாண்டும் அளவுக்கு மருந்தைக் குறைத்து நிரப்பிய 147-க்குப் பொருந்தும். கடைத் தோட்டாவுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் என் கை வேறு சொன்னது. 115 அறைந்தது, 147 தள்ளியது. ஒலியின் வேகத்துக்குத் தெளிவாகக் கீழே போவதால் அந்தக் கூர்மையான 'சடார்' இல்லாததும் காரணமாக இருக்கலாம், மறுபடியும் காதுதான். தட்டில் 9. பெட்டிக்கு நாலைந்து டாலர் அதிகம் என்பதால் எப்போதும் வாங்குவதில்லை, மணிக்கட்டு முணுமுணுக்கிற வாரங்களில் மட்டும்.

உண்மையாகவே எடை கூட்ட வேண்டும் என்றால் அதற்கு நல்ல இடம் அடிச்சட்டம், குழல் நுனி இல்லை. ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7 சப் என்ற சின்ன விளக்கு 43எக்ஸ் எம்ஓஎஸ்ஸில் குழலுக்குக் கீழே அடிச்சட்டத்தில் இருக்கும் தண்டவாளம் மாதிரிப் பள்ளத்தில் உட்காரும். 70 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. குழலைத் தொடாததால் ஸ்லைடின் பயணத்தில் குறுக்கிடுவதில்லை, டங்ஸ்டன் தண்டைவிட அதிக எடை, இருட்டில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். துப்பாக்கியை இடுப்பில் வைக்கும் உறையை மட்டும் விளக்குக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் வாங்கியதில் நான் வாயாரப் பாராட்டிய ஒரே சாமான்.

கம்பென்சேட்டருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை, இரட்டைக் காது அடைப்போடு, பிளஸ் பி தோட்டாவோடு மறுபடி மாட்டிப் பார்த்தேன். இந்த முறை தெரிந்தது. முதல் தோட்டாவில் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று வேகமாகச் சுடும்போது குறிமுனை தட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. அது இரண்டாவது தோட்டாவுக்கான சாமான். முதல் தோட்டாவையே தவறவிடுகிற எனக்கு அதை விற்றதுதான் தப்பு. நொடிக்கணக்கில் போட்டி போடுகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் போட்டியில் கம்பென்சேட்டர் மாட்டினால் உங்களை 'ஓப்பன்' பிரிவில் தள்ளிவிடுவார்கள், அங்கே பந்தயத்துக்கென்றே செய்த துப்பாக்கிகளோடு மோத வேண்டும். என் சித்தி பையன் சான் ஹோசேயில் இருக்கிறான். தனக்கும் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னான். கலிஃபோர்னியாவில் மரை வைத்த குழல் மாட்டிய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி 'அசால்ட் வெப்பன்' கணக்கில் வந்துவிடும், வைத்திருப்பதே குற்றம். டெக்சாஸில் வாசலுக்கு வரும் பொட்டலம் அங்கே ஜெயிலுக்கு வழி. வாங்குவதற்கு முன்னால் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள் என்று அவனை அதட்டி வைத்தேன்.

மொத்தச் செலவைக் கூட்டி அவர் முன்னால் வைத்தபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடைப்பான்கள் 50 ஜோடி டப்பா 10 டாலருக்குக் கிடைத்தது. அதை அந்தப் பட்டியலில் சேர்க்காதே என்றார், மானப் பிரச்சினை.

இப்போது என் துப்பாக்கியில் இருப்பது டேப், விளக்கு, கம்பெனி ஸ்பிரிங், கம்பெனிக் குழல். டங்ஸ்டன் தண்டு அவர் மேசையில் பேப்பர் வெயிட். கம்பென்சேட்டரை விற்கப் போட்டிருக்கிறோம், இருவர் விசாரித்தார்கள், பாதி விலை கேட்டார்கள். வீட்டில் தோட்டாவை வேறு அறையில் பூட்டிவிட்டு, டம்மி தோட்டா போட்டு தினமும் பத்து தடவை டிரிகர் இழுத்துப் பழகுகிறேன். கும்பிடு இன்னும் முழுக்கப் போகவில்லை, சோர்ந்த நாட்களில் தலைகாட்டும். டேப் மட்டும் வியர்வைக்கு ஆறேழு மாதத்தில் ஓரம் எழும்புகிறது. அடுத்ததை வாங்கி வைத்திருக்கிறேன், இந்த முறை ஹேர் டிரையரை நானே பிடிப்பேன்.